ஒரு சொட்டு வரலைங்க

சித்த தள்ளி உக்காருங்க அம்மிணி. உங்களச் சொல்லல, இந்தச் சன்னலைப் பாத்தீங்களா, எவனோ வெத்தலை எச்சியைத் துப்பி வெச்சுருக்கறான். காஞ்சு ஒட்டிக் கெடக்குது. சீ. மனுசங்களா இவனுங்க. காலைல வந்த பஸ்சுல பின்னால ஒருத்தி வாந்தி எடுத்து வெச்சுட்டு எறங்கிப் போயிட்டா, கண்டக்டரு பேசாம நிக்கறான். எனக்கு இப்பெல்லாம் எதைப் பாத்தாலும் கொமட்டுதுங்க. சோத்தைப் பாத்தாக் கொமட்டுது. மனுசரைப் பாத்தா அதுக்கு மேல கொமட்டுது.

நீங்க எங்க போறீங்க? கோயமுத்தூரா? நானும் அங்கதானுங்க. ஆஸ்பத்திரிக்கு. தம்பி படுத்துருக்கறான். வெள்ளெனெ கெளம்பி ஊட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திக்கிட்டு, கோயில்ல ஒரு பொட்டலம் துண்ணூறு வாங்கிக்கிட்டுத் திரும்பிப் போறனுங்க. அந்த ஆஸ்பத்திரி வாசத்தோட எத்தனை நேரந்தான் உக்காந்துருக்கறது. பினாயிலும் மருந்தும் சீக்காளி மூச்சும். கேண்டீன்ல காப்பி குடுத்தான், டம்ளரு விளிம்புல எவளோ லிப்ஸ்டிக் கறை. அப்படியே வெச்சுட்டு வந்துட்டன்.

எம்பேரு பழனாத்தாங்க. காங்கயம் பக்கம். ஊட்டுக்காரரு போயி வெகுகாலம் ஆச்சு, புள்ளை குட்டி இல்ல. எனக்கு இருக்கறது இந்தத் தம்பி ஒருத்தந்தான். சென்னியப்பன்னு பேரு. தேங்காக் களத்துல மேஸ்திரியா இருக்கறான். எங்காத்தா செத்தப்ப அவன் இடுப்புல உக்கார்ற வயசு. நாந்தான் தூக்கி வளத்துனன். இன்னிக்கும் நாஞ்சொன்னாத் தட்ட மாட்டான். பொண்டாட்டி சொன்னா யோசனை பண்ணுவான், நாஞ்சொன்னா யோசனையே இல்ல. அதுலதான் அவளுக்கு வயித்தெரிச்சல்.

அவதான் கோகிலா. தம்பி பொண்டாட்டி. என்னய நங்கையா நங்கையான்னுதான் கூப்புடுவா, புருசனோட அக்காளை எங்க பக்கம் அப்படித்தான், வாய்க்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லீங்க. ஆனா மொகத்துல ஒரு மாதிரி. எதைச் சொன்னாலும் டாக்டரைக் கேக்கோணும், டாக்டரைக் கேக்கோணும். டாக்டரைக் கேட்டுத்தான் மூச்சு உடுவா போல இருக்குது.

போன ஆனி மாசம் களத்துல நின்னுக்கிட்டு இருந்தவன் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டானுங்க. கோயமுத்தூருக்குத் தூக்கிட்டு ஓடுனோம். ரத்தக் கொழாயில அடைப்பு, உள்ள ஒரு கம்பிச் சுருள் வெச்சு அகலம் பண்ணிருக்கறோம்னாங்க. ஸ்டெண்டுன்னு சொல்லுவாங்கல்ல, அது. அவனை உள்ள கொண்டு போனப்ப நான் அந்த வராண்டாவுலயே மண்டி போட்டுட்டனுங்க. எங்கூர்க் கரட்டு மேல இருக்கற முருகன் கிட்ட வேண்டிக்கிட்டன். எந்தம்பியக் குடுத்துரு சாமி, வார பங்குனி உத்திரத்துக்கு அவன் வாயலகு குத்திக்கிட்டு உம்படி ஏறி வருவான்னு.

என்னங்க கேட்டீங்க? நானா? நான் எப்படிங்க குத்திக்கறது. எனக்குச் சக்கரை இருக்குதுங்க. ஊசி குத்துன எடமே ஆற மாட்டேங்குது, கன்னத்துல வேலைக் குத்துனா என்னத்துக்காகறது. எங்க டாக்டரு கால்ல முள்ளுக்கூட ஏறாமப் பாத்துக்கம்மான்னு கண்டிசனாச் சொல்லியிருக்கறாரு. டாக்டரு சொன்னாக் கேக்கோணுமில்லீங்க.

அலகு குத்தறது பாத்துருப்பீங்கல்ல. வெள்ளி வேலு, ஒரு சாண் நீளம். இந்தக் கன்னத்துல குத்தி அந்தக் கன்னத்துல வாங்கறது. விரதம் சுத்தமா இருந்தா ஒரு சொட்டு ரத்தம் வராது. அதுதானுங்க கணக்கு. ரத்தம் வந்தா எங்கயோ சுத்தம் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். எங்கூர்ல எத்தனையோ வருசமாக் குத்தறாங்க, ஏதோ குடிகாரனுக்கு ஒருக்கா வந்துச்சும்பாங்க. நல்ல குடும்பத்துல எவனுக்கும் வந்ததில்ல.

மாசி மாசம் காப்புக் கட்டறதப் பத்திப் பேச்செடுத்தன். உடனே அவ, "நங்கையா, அவரு ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு மாத்திரை திங்கறாரு. அலகெல்லாம் வேண்டாமுங்க"ன்னா. வெள்ளையா ஒண்ணு, ரோசுக் கலர்ல ஒண்ணு, தெனமும் காலைல சோத்துக்கு அப்பறம் அவ கையாலதான் எடுத்துக் குடுப்பா. சாமிக்குப் படைக்கற மாதிரி. சரி, வேண்டுதல் எப்படிடி உடறது, குத்தற அன்னிக்குக் காலைல அந்த மாத்திரையத் திங்க வேண்டாம்னு சொன்னன். நியாயந்தானுங்க? அதுக்கு அவ சொல்றா, "அன்னிக்கு நிறுத்துனா அன்னிக்கே போயிராதுங்க. அது ஒடம்புல ஒரு வாரம் பத்து நாளைக்கு இருந்துக்கிட்டே இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. நேத்துத் தின்ன சோறு இன்னிக்கு வவுத்துல இருக்குதா? களியே மத்தியானம் தின்னாச் சாயங்காலம் பசிக்குது. துளியூண்டு மாத்திரை, அது என்ன ரத்தத்துல பட்டாப் போட்டா உக்காந்துக்குது? நான் சக்கரை மாத்திரை ஒரு வேளை உட்டாப் போதும், மறுவேளைக்குத் தலை சுத்துது. எந்த மாத்திரையும் அப்படித்தானுங்க. அவ உடனே போனை எடுத்துக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில எந்த நர்சு கிட்டயோ பேசிட்டு வந்தா. வருசம் திரும்பற வரைக்கும் நிறுத்தவே கூடாதாம், கன்னத்துல ஓட்டை போடறதுன்னா பெரிய டாக்டர் உத்தரவு வேணுமாம். சாமி காரியத்துக்கு நர்சு கிட்ட உத்தரவு வாங்கற அளவுக்கு நம்ம குடும்பம் வந்துருச்சான்னு கேட்டன். தம்பி தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தான். "அக்கா வேண்டிக்கிட்டாளே கோகிலா"ன்னான். அவ்வளவுதான்.

உத்திரத்தன்னிக்கு நல்ல கூட்டமுங்க. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்துருந்தாங்க. தம்பி மஞ்ச வேட்டி கட்டி, காலைல மாத்திரை இல்லாம, தலைக்கு ஊத்திக்கிட்டு நிக்கறான். மேளம் அடிக்குது. அப்புக்குட்டி பூசாரி வேலை எலுமிச்சம்பழத்துல தொடச்சு, முருகான்னு கன்னத்துல வெச்சு அழுத்துனாரு. ஒரு பக்கம் போயி மறுபக்கம் வந்துச்சு. அல்லாரும் அரோகரான்னாங்க. நானும் சொன்னன். சொல்லி வாய மூடல, அவன் தாவாக்கட்டையில செவப்பாக் கோடு எறங்குது.

ஒரு சொட்டுன்னு நெனைச்சனுங்க. ரெண்டு படி ஏறுனான், மார்ல வழியுது. மஞ்ச வேட்டியில கொட்டுது. அவன் ஏறிக்கிட்டே இருக்கறான், படியில சொட்டிக்கிட்டே வருது. முன்னால வந்தவங்க ஒதுங்கிப் போறாங்க, கால்ல பட்டுரும்னு பாவாடையைத் தூக்கிப் புடிக்கறாளுக. எங்க ஒறம்பரைதான். நேத்து ராத்திரி எங்கூட்டுல தின்னவளுக. மேளக்காரன் நிறுத்திப்போட்டான். பூசாரி ஓடி வந்து வேலை உருவிட்டுத் துண்ணூறு வெச்சு அழுத்துனாரு. துண்ணூறு நனைஞ்சு சேறாட்டம் வழியுது. மஞ்சத்தூளை வெச்சாரு, அதுவும் வழியுது. அந்த வாசம் இன்னும் என் மூக்குல இருக்குதுங்க அம்மிணி. துண்ணூறும் ரத்தமும் கலந்த வாசம். நான் அப்பத்துல இருந்துதான் ஒழுங்காச் சோறு திங்கல.

பூசாரி கையத் தொடச்சுக்கிட்டே சொல்றாரு, "எங்கிட்டத் தப்பில்ல. ஊட்டுல சுத்தம் கெட்டுருக்குது. ஊட்டுப் பொம்பளையக் கேளுங்க"ன்னு. அந்தாளும் லேசுப்பட்டவன் இல்லீங்க, வேலைக் கழுவாம அப்படியே துணியில சுத்தறான், பாத்தா அருவருப்பா இருக்குது. ஆனா சொன்னது நியாயந்தான். ஊட்டுல இருக்கறது ரெண்டு பொம்பளை. நான் சுத்தம். அப்ப அவதான். அத்தனை சனத்துக்கு முன்னால வெச்சே கேட்டுட்டன். ஏண்டி, தூரமாயிருந்தியா, இருந்துக்கிட்டே அவனுக்குத் துணி தொவைச்சுக் குடுத்தியான்னு.

அவ அவன் கன்னத்துல முந்தானைய வெச்சு அமுத்திக்கிட்டு இருந்தா. திரும்பிப் பாத்துச் சொல்றா, "நங்கையா, எனக்குக் கர்ப்பப்பையவே எடுத்தாச்சு. நீங்கதான ஆஸ்பத்திரியில கூடப் படுத்துருந்தீங்க"ன்னு.

மறந்து போச்சுங்க. வயசாகுதில்ல. ஆனாப் பாருங்க, இதையெல்லாம் சபையில சொல்லுவாளா ஒரு குடும்பப் பொம்பளை? கூச்ச நாச்சம் வேண்டாம்? எல்லாரும் என்னயத் திரும்பிப் பாக்கறாங்க. என்னமோ நான் தப்பாக் கேட்டுப்போட்ட மாதிரி. சரி, அது இல்லைன்னா வேற ஏதாச்சும் இருக்கும். எழவு ஊட்டுக்குப் போயிருப்பா. மொட்டைத் தின்னுருப்பா. ஆமாங்க, கோழி மொட்டுத்தான், முட்டைம்பீங்களே. தேடுனாக் கெடைக்காமயா போகும்.

கெவுருமெண்ட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சின்னப் பையன் ஒருத்தன் டாக்டரு. தையல் போட்டு, வாய்க்குள்ள பஞ்சை வெச்சு அடைச்சு, நிறுத்தறதுக்குள்ள மத்தியானமாயிருச்சு. கோகிலா மாத்திரைச் சீட்டைக் காட்டுனா. அந்தப் பையன் தலையில அடிச்சுக்கிட்டான். இதைத் தின்னுக்கிட்டு எவனாவது கன்னத்துல குத்துவானான்னான். காலைல நிறுத்திட்டமேன்னு நான் சொன்னன். அப்பத்தானுங்க அவன் வெவரமாச் சொன்னான். ரத்தத்துல தட்டணுன்னு ஒண்ணு இருக்குதாமா, பொடிப்பொடியா. காயம் பட்டா அதுக ஓடி வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைக்குமாமா. இந்த மாத்திரை அதுகளை ஒட்ட உடாமப் பண்ணிப்போடும். ஒருக்காப் பண்ணிட்டா அந்தத் தட்டணு சாகற வரைக்கும் அப்படியேதான். மாத்திரை வவுத்தை உட்டுப் போனாலும் அது பண்ணுன வேலை போகாது. பழசெல்லாம் செத்து ஒடம்பு புதுசா ஊற வெச்சு நெரம்பறதுக்கு ஒரு வாரம் பத்து நாளாகும்னான்.

அப்பறம் இன்னும் என்னென்னமோ சொன்னானுங்க. ஸ்டெண்டு வெச்ச ஒடம்பு, இன்னிக்கே திரும்பப் போடுங்க, பெரிய டாக்டரைப் பாருங்கன்னு. அவ எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டு நின்னா. எங்காதுல உழுந்தது ஒண்ணுதான். பத்து நாள்.

சிரிக்கறீங்களா? இல்லியா? சரி, என்னமோ மொகம் மாறுச்சு, கேட்டன். நீங்களே சொல்லுங்க, படிச்ச டாக்டரு வாயாலயே சொல்லிட்டான். பத்து நாள் ஆனாப் புது ரத்தம். புது ரத்தம்னாக் கட்டும். கட்டுனா ஒழுகாது. அப்ப என்ன பண்ணோணும்? பத்து நாள் மாத்திரைய நிறுத்திப்போட்டுத் திரும்பக் குத்தோணும். இதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும். நானும் டாக்டரு சொன்னதைத்தானுங்க கேட்டன். எல்லாரும் என்னய டாக்டர் பேச்சு கேக்காதவங்கறாங்க.

பூசாரியப் போயிப் பாத்தன். வேண்டுதல் கொறையா நிக்குதே, என்ன பண்றதுன்னு. அடுத்து வார கிருத்திகைக்குக் குத்தலாம்னாரு. பத்து நாளுக்கு மேலயே கெடைச்சுருச்சு. "ஆனா ஊட்டுச் சுத்தத்தைப் பாத்துக்கங்க ஆத்தா"ன்னாரு. புரிஞ்சுதுங்க. வந்து தம்பி கிட்டச் சொன்னன், கிருத்திகை கழியற வரைக்கும் அவ வெள்ளகோயல்ல அவ ஆத்தா ஊட்டுல இருக்கட்டும்னு. அவன் தலையாட்டுனான். கன்னம் வீங்கியிருந்துச்சு, பேசவும் முடியல பாவம். அவ துணியை எடுத்துப் பையில வெச்சா. போறப்ப அந்த மாத்திரை டப்பாவ எங்கையில குடுத்தாளுங்க. எந்த மாத்திரை எப்பன்னு ரெண்டு தடவை சொன்னா. "ஒரு நாளும் உட்டுராதீங்க நங்கையா, உங்களக் கும்புட்டுக்கறன்"னா. நெசமாவே கையெடுத்துக் கும்புட்டா. எனக்கு அவ கும்புடறதே புடிக்காது, சினிமாவாட்டம்.

அந்த டப்பாவ அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டன்.

அவ தெனமும் போன் பண்ணுவா. மாத்திரை போட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு. போட்டேன்னு சொல்லுடான்னு நாந்தான் சொல்லிக் குடுத்தன். அவனுக்குப் பொய் சொல்ல வராதுங்க, போனைப் புடிச்சுக்கிட்டு என் மொகத்தைப் பாப்பான். நான் கண்ணைக் காட்டுவன். அப்பறம் "போட்டுட்டன் கோகிலா"ம்பான். ஒரு நாள் என்னயக் கேட்டான், "அக்கா, ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு. உன்னய நான் வளத்துனவடா, உனக்குக் கெடுதல் பண்ணுவனான்னு கேட்டன். அதுக்கப்பறம் கேக்கல. நல்லாத்தானுங்க இருந்தான். காலைல எந்திரிச்சுக் களத்துக்குப் போயிட்டு வந்தான். மாத்திரை தின்னப்பக் கையில அங்கங்க நீலம் நீலமா இருக்கும், அதெல்லாம் போயே போச்சு. பாத்தியாடா, ஒடம்பு தெளிஞ்சுருச்சுன்னு காட்டுனன்.

கிருத்திகையன்னிக்குக் கூட்டம் கம்மி. ரத்தம் பாத்தவளுக பாதிப் பேரு வரல. பரவால்லைன்னு இருந்தன். பூசாரி வேலை எடுத்தாரு. முருகா, ஊரு சிரிக்க வெச்சுறாத, ஊரு சிரிக்க வெச்சுறாதன்னு சொல்லிக்கிட்டே இருந்தன். பழைய தழும்புக்குப் பக்கத்துலயே குத்துனாரு. இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்துச்சு.

ஒரு சொட்டு வரலைங்க அம்மிணி.

ஒரு சொட்டு வரல. வெள்ளி வேலு வெள்ளியாட்டமே இருக்குது. கன்னம் துணியில குத்துன மாதிரிச் சுத்தமா இருக்குது. படியேறுனான், பொட்டுக் கூட இல்ல. உருவுனப்பவும் இல்ல. துண்ணூறு வெச்சு அமுத்துனாரு, எடுத்துப் பாத்தா வெள்ளையாவே இருக்குது. எனக்கு அழுகை வந்துருச்சு. பூசாரி சுத்தி நின்னவங்களப் பாத்து, "இப்பத் தெரியுதா, அன்னிக்கு என்ன கொறைன்னு?"ன்னாரு. எல்லாருக்கும் தெரிஞ்சுதுங்க. அவ இருந்தப்ப ஆறா ஓடுச்சு, அவ இல்லாதப்ப ஒரு சொட்டு இல்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? தம்பி வந்து எங்கால்ல உழுந்தான். "அக்கா, உன் வேண்டுதலை முடிச்சுட்டன்"ன்னான். எனக்கு வாழ்க்கையில அந்த ஒரு நிமிசம் போதுமுங்க.

பல்லடம் வந்துருச்சா? இன்னும் இல்லியா.

மத்தியானம் கீழ பந்தல்ல அன்னதானம். எலை போட்டு உக்காந்தோம். அவன் ஒரு வாய் எடுத்தான், வெச்சுட்டான். நெஞ்சைத் தேச்சுக்கிட்டான். வேர்த்துக் கொட்டுது. சித்திரை வெயிலு, எல்லாருக்குந்தான் வேர்க்குது. விரதம் இருந்த வவுறு, வாய்வா இருக்கும்னு மோருல பெருங்காயத்தைப் போட்டுக் குடுத்தன். குடிச்சான். "அக்கா, தோள் பட்டை இழுக்குது"ன்னான். வேல் குத்துன வலிடான்னன். எலையிலயே சாஞ்சுட்டானுங்க. சோத்துல மொகம். சாம்பாரு கண்ணுல, மூக்குல. சுத்தி இருந்தவளுக எலையத் தூக்கிக்கிட்டு நகர்றாளுக. சீ, என்ன சனங்க. ஒருத்தி கூட அவன் மொகத்தைத் தொடைக்கல. நாந்தான் சீலையில தொடைச்சன்.

ஆம்புலன்சுல கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம். அவளுக்கு யாரோ போன் பண்ணிட்டாங்க. நாங்க போயிச் சேர்றதுக்கும் அவ வெள்ளகோயல்ல இருந்து காரு புடிச்சு வந்து நிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. தலை கூட வாரல. அவனைத் தள்ளு வண்டியில கெடத்தி வெச்சுருந்தாங்க, கண்ணு முழிச்சுத்தான் இருந்தான். ஒரு பொம்பளை டாக்டரு, சின்ன வயசு, கத்தறா. ஸ்டெண்டுக்குள்ள ரத்தம் கட்டிருச்சாம். உள்ள முழுசா அடைச்சுருச்சாம். மாத்திரை நின்னாத்தான் இப்படிக் கட்டுமாம். "வருசம் முடியல, யாருங்க மாத்திரையை நிறுத்துனது?"ன்னு கேக்கறா. "உங்களத்தான் கேக்கறன், யாரு நிறுத்துனது? இது கொலை பண்ற மாதிரிங்க"ன்னா.

இப்படித்தான் பேசறதா ஒரு டாக்டரு? கொலைங்கற வார்த்தையெல்லாம். தம்பி படுத்துக்கிட்டே தலையத் திருப்பி என்னயப் பாத்தான். என்னயவே பாத்துக்கிட்டு இருந்தான். கோகிலா அவனைப் பாத்தா. அப்பறம் என்னயப் பாத்தா. கொஞ்ச நேரம் பாத்தா. எனக்கு அந்தப் பார்வையே புடிக்கலைங்க.

அப்பறம் அவ சொல்றா, "நாந்தானுங்க டாக்டர். நாந்தான் குடுக்காம உட்டுட்டன்"னு.

கேட்டீங்களா? அவ வாயாலயே. அத்தனை பேருக்கு முன்னால. அந்த டாக்டரு அவளைத் திட்டுன திட்டு இருக்குதே, படிச்சிருக்கறியா இல்லியா, புருசன் மேல அக்கறை இருக்குதா இல்லியான்னு. நின்னு வாங்கிக்கிட்டா. குனிஞ்சு அவன் காதுல மட்டும், "ஒண்ணுமில்லீங்க, எல்லாஞ் சரியாப் போயிரும், அக்கா இங்கதான் இருக்கறாங்க"ன்னா. அவன் கண்ணை மூடுனான். உள்ள தள்ளிக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்பறம் தொறக்கலைங்க. திரும்பவும் அடைப்பை எடுத்துருக்கறாங்களாமா, இருதயம் பாதிக்கு மேல வேலை செய்யலியாமா. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எதுவும் சொல்ல முடியுமாமா. வாயில கொழா. நான் ஒருக்காத்தான் உள்ள போனன், பாக்க முடியல, கொமட்டிக்கிட்டு வந்துருச்சு. உள்ள போயிப் பாக்கறதுக்குப் பாசு ஒண்ணுதான் குடுப்பாங்களாம். அவ எங்கிட்ட நீட்டுனா, நீங்க போயிருங்க நங்கையான்னு. எனக்கு வேண்டாம்னுட்டன். அவ கையில வெச்சுருந்ததை நான் வாங்கறதா?

என்னங்க அம்மிணி? ஆமாங்க, அவ ஆத்தா ஊட்டுலதான் இருந்தா. நாந்தான் சொன்னனே. அதுக்கென்ன இப்ப? டப்பாவா? அது அரிசிப் பானையிலதான் இருக்குது, காலைல அரிசி எடுக்கறப்பக் கையில தட்டுச்சு, மேல அரிசியத் தள்ளி மூடிட்டன். நீங்க என்ன போலீசாட்டம் கேக்கறீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. செய்யாதவளா இருந்தா ஏன் அப்படிச் சொல்லோணும்? யாராச்சும் அவ வாயைப் புடுங்குனாங்களா? நாந்தான்னு அவளாத்தான சொன்னா. இப்ப ஊரே அவளைக் காறித் துப்புது, எனக்கே பாவமாத்தான் இருக்குது. செய்யாத ஒண்ணைச் செஞ்சேன்னு எவளாச்சும் தலையில ஏத்திக்குவாளா, அதுவும் புருசன் சாகக் கெடக்கறப்ப?

நானா இருந்தாச் சொல்ல மாட்டனுங்க.